வயர் சால்டர் செய்யும்போது பாகம் சூட்டில் போய்விடுகிறது, வெப்பநிலையைக் குறைத்தும் பயனில்லை

மின்மினி

வணக்கம். சிறிய குரல்பதிவுப் பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மின்சுற்றுப் பலகை வேலை நன்றாகவே வந்தது. சிக்கல் எல்லாம் பலகைக்கு வெளியே இருப்பவற்றில்தான். ஒரு எலக்ட்ரெட் மைக், ஒரு 5 மி.மீ. எல்இடி, ஒரு சிறிய ஸ்லைடு சுவிட்ச். இவற்றின் உலோகக் கால்களில் (மைக்கில் பின்பக்கத் தகடுகளில்) நேரடியாக வயரை சால்டரால், அதாவது உருக்கி ஒட்டும் உலோகக் கலவையால், ஒட்ட வேண்டும். வைத்த பிறகு மைக் சத்தமே எடுப்பதில்லை. எல்இடி விட்டு விட்டு எரிகிறது. சுவிட்சின் நடுக்கால் பிளாஸ்டிக்கோடு சாய்ந்துவிட்டது.

சூடு அதிகம் என்று சால்டரிங் ஸ்டேஷனை (சூட்டைத் திருப்பி வைக்கும் வசதியுள்ள அயர்ன்) 350 டிகிரியிலிருந்து 260-க்கு இறக்கினேன். இன்னும் மோசம். சால்டர் உருண்டு உருண்டு நிற்கிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அயர்னில் இருப்பது ஊசி போன்ற மெல்லிய முனை, 0.8 மி.மீ. ஈயமில்லா சால்டர். எத்தனை டிகிரி வைத்தால் பாகம் பிழைக்கும்?

செம்புக்கம்பி

டிகிரியை மட்டும் கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும் நண்பரே. பாகம் கெடுவது முனையின் சூட்டால் மட்டும் அல்ல, அந்தச் சூடு எவ்வளவு நேரம் காலின் வழியாக உள்ளே போகிறது என்பதால். 260-க்கு இறக்கியபோது நேரத்தை நீங்களே கூட்டிக்கொண்டீர்கள். சுடுமணலில் ஓடிப் போகிறவருக்குக் கால் பொத்துப்போவதில்லை, பார்த்துப் பார்த்து நடக்கிறவருக்குத்தான் கொப்புளம்.

ஈயமில்லா சால்டரில் அதிகம் புழங்கும் வெள்ளீயம்–வெள்ளி–செம்புக் கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். வெறும் வெள்ளீயம்–செம்பு என்றால் 227. முனை 260 என்றால் கையில் இருப்பது முப்பது நாற்பது டிகிரி வித்தியாசம்தான். காலைத் தொட்டவுடன் முனையே குளிர்ந்துவிடும். ஊசிமுனை என்றால் கேட்கவே வேண்டாம், தொடும் பரப்பு ஒரு புள்ளிதான்.

நான் செய்வது இது. உளிமுனை, 2 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல். ஈயமில்லா சால்டருக்கு 350 முதல் 370. ஈயம் கலந்த 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) கிடைத்தால் 320 முதல் 340 போதும், அது 183 டிகிரியிலேயே ஒரே அடியாக உருகிவிடும். காலின் மேல் முனை இருக்கும் நேரம் ஒன்றிலிருந்து இரண்டு வினாடி. மூன்றைத் தாண்டினால் எடுத்துவிடுங்கள், ஆறவிடுங்கள், ஏன் பிடிக்கவில்லை என்று பாருங்கள். பிடிக்கவில்லையே என்று மேலும் அழுத்திப் பிடித்திருப்பதுதான் பாகத்தைக் கொல்கிறது.

அந்த ஒன்றிரண்டு வினாடியில் முடிய வேண்டுமானால் வேலை முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வயர் முனையை உரித்து, முறுக்கி, தனியாக சால்டர் பூசி வையுங்கள். பாகத்தின் காலை மெல்லிய உப்புத்தாளாலோ கத்தியின் முதுகாலோ சுரண்டி, கொஞ்சம் ரோசின் ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பிசின்) தொட்டு, அதற்கும் தனியாகப் பூசுங்கள். இரண்டும் ஆறட்டும். அப்புறம் இரண்டையும் ஒட்டி வைத்து முனையால் தொட்டால், இரண்டு பூச்சும் ஒன்றாக ஓடிச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் புது சால்டர் ஊட்டவே தேவையில்லை. மூன்றாவது கை வேண்டும் என்ற தவிப்பும் இராது.

குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். நன்றாகப் பிடிக்கும், ஆனால் பின்னால் கால் பச்சை பூத்து அரித்துப்போகும்.

பழைய வால்வு

350 டிகிரியா? நான் கற்றுக்கொண்ட காலத்தில் டிரான்சிஸ்டர் காலில், சூட்டை வாங்கிக்கொள்ள மூக்குக் குறடு பிடிக்காமல் சால்டரிங் அயர்னைக் கிட்டே கொண்டுபோகவே விடமாட்டார்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் உள்ளே 75 முதல் 100 டிகிரி வரைதான் தாங்கும், சில வகைகள் அந்தக் கீழ்வரம்பிலேயே நிற்கும். சூடு குறைவாக வை, குறட்டால் பிடி, ஒவ்வொரு காலுக்கும் நடுவில் ஆறவிடு. இதில் மாற்ற என்ன இருக்கிறது?

ஓம்விதி

ஐயா, குறடு விஷயத்தில் உங்களோடுதான் இருக்கிறேன். "சூடு குறைவாக வை" என்பதில் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. போட்டுப் பார்ப்போம்.

அரை மி.மீ. சதுரக் கால். சால்டர் வைக்கும் இடத்திலிருந்து பாகத்தின் உடல்வரை 5 மி.மீ. கால் செம்பு என்றால் அந்தத் துண்டின் வெப்பத்தடை வாட்டுக்கு 50 டிகிரி அளவில் வரும். இணைப்புக்கும் உடலுக்கும் 300 டிகிரி வேறுபாடு இருந்தால் உள்ளே பாய்வது 6 வாட். சின்ன பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர் சுமார் 0.2 கிராம். அதை ஒரு டிகிரி ஏற்ற 0.2 ஜூல் போதும் என்று வைத்தால், வினாடிக்கு 30 டிகிரி வேகத்தில் சூடேறும். அறைவெப்பம் 25 என்றால் இரண்டு வினாடியில் 85. எட்டு வினாடியில் இருநூறைத் தாண்டும்.

இனி முனையை 350-இலிருந்து 280-க்கு இறக்குங்கள். உள்ளே பாயும் வெப்பம் குறைவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் சால்டர் ஓடிப் பிடிக்கும் நேரம் ஒன்றரை வினாடியிலிருந்து ஏழு எட்டுக்குப் போய்விடும். லாபம் இருபது சதவீதம், நட்டம் ஐந்து மடங்கு.

இது தோராயக் கணக்குதான். கால் முழு முனைச்சூட்டுக்கு ஏறாது, உடலும் ஓரளவு வெளியே விடும். ஆனாலும் எது பெரிய எண், எது சின்ன எண் என்று காட்ட இது போதும். இன்னொன்று, கால் எஃகு என்றால் வெப்பம் கடத்துவது செம்பில் ஆறு ஏழில் ஒரு பங்குதான். காந்தம் வைத்துப் பாருங்கள், எல்இடி கால்கள் பெரும்பாலும் ஒட்டும்.

செம்புக்கம்பி

ஓம்விதி சொன்னதோடு பாகத்தைத் தயாரித்தவர் தரும் தரவுத்தாளையும் சேர்த்துக்கொள்ளலாம். பல பாகங்களுக்கு "உடலிலிருந்து 1.6 மி.மீ. தள்ளி, 260 டிகிரி, 10 வினாடி" என்று போட்டிருக்கும். எல்இடி என்றால் தூரம் கூடும், நேரம் குறையும், 3 மி.மீ. தள்ளி 3 முதல் 5 வினாடி என்று பலவற்றில் பார்க்கலாம். 260 என்பதைப் பார்த்துவிட்டு முனையை 260-இல் வைப்பது பலரும் செய்வது. அது கால் காணும் வெப்பநிலை, ஸ்டேஷனில் திருப்பி வைக்கும் எண் அல்ல.

பழைய வால்வு ஐயாவுக்கு: ஜெர்மானியத்துக்கு உங்கள் கவனம் இன்றும் சரியே. சிலிக்கான் பாகங்கள் உள்ளே 150 டிகிரி வரை தாங்குபவை, அங்கே இவ்வளவு பயம் தேவையில்லை. அதோடு அப்போதைய அயர்ன்களில் கட்டுப்பாடு கிடையாது. 25 வாட் அயர்ன் சும்மா கிடந்தால் 400 டிகிரி வரைக்கும் போய்விடும், வேலை வைத்தால் சரிந்துவிடும். அதற்கு ஏற்ற பழக்கம் அது.

பழைய வால்வு

எல்லாரிடமும் அப்படி இல்லை. வெல்லர் நிறுவனத்தின் காந்த வகை அயர்ன் இருந்தது. முனையின் அடியில் ஒரு உலோகத் துண்டு, குறிப்பிட்ட சூட்டில் காந்தத்தன்மையை இழந்து சுவிட்சை விட்டுவிடும். முனையில் 7 என்று இருந்தால் 700 பாரன்ஹீட், அதாவது 370 டிகிரி. திருகு கிருகு ஒன்றும் இல்லை, முனையை மாற்றினால்தான் சூடு மாறும். அதில் நாங்கள் எப்போதும் 7-தான் போட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஓம்விதி சிரிக்கட்டும்.

குறடு மட்டும் விடமாட்டேன். மூக்குக் குறட்டின் கைப்பிடியில் ரப்பர் பேண்ட் போட்டால் தானே பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஓம்விதி

:) விட வேண்டாம் ஐயா. குறடு போலவே காலில் பிடிக்கும் ஐந்து கிராம் செம்புக் கிளிப் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 2 ஜூல் கேட்கும். மூன்று வினாடியில் வரும் 18 ஜூலை அது முழுவதும் விழுங்கினாலும் பத்து டிகிரிகூட ஏறாது. தொடும் பரப்பு சரியாக அமைந்தால்தான் இது. பல் வைத்த முதலைக் கிளிப்பில் தொடுவது இரண்டு புள்ளி. பல்லுக்குள் செம்புத் தகடு மடித்து வைத்தால் நல்லது. கிளிப்பை உடலை ஒட்டிப் பிடியுங்கள். இணைப்புக்கு ஒட்டிப் பிடித்தால் அது இணைப்பின் சூட்டையே இழுத்துக்கொள்ளும், சால்டர் ஓடாது, மறுபடி பத்து வினாடிக் கதை. கால் ரொம்பக் குட்டையாக இருந்தால் கிளிப் உபத்திரவம்தான், அங்கே வேகத்தை மட்டும் நம்புங்கள்.

சந்தேகப்பிராணி

எல்லாரும் சூடு என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். மைக் செத்தது சூட்டால்தான் என்று எப்படித் தெரியும்? எலக்ட்ரெட் மைக்குக்கு உள்ளே எஃப்இடி என்ற ஒரு வகை டிரான்சிஸ்டர் இருக்கிறது, வெளியிலிருந்து மின்னழுத்தம் வேண்டும். 2.2 கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தீர்களா? பின்பக்கத்தில் இரண்டு தகடுகளில் எது வெளி உறையோடு சேர்ந்திருக்கிறதோ அது நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் நல்ல மைக்கும் ஊமைதான்.

எல்இடி விட்டு விட்டு எரிவதும் சூடு மட்டும் அல்ல. கால் சூடாக இருக்கும்போது வயரை இழுத்தீர்களா? சூட்டில் எபாக்சி இளகும், கால் உள்ளே நூலளவு அசையும், உள்ளே இருக்கும் முடியளவு இணைப்புக் கம்பி அறுந்துவிடும் அல்லது அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். குளிர்ந்திருக்கையில் எரியும், சூடேறினால் அணையும்.

மின்மினி

மைக்குக்கு 2.2 கிலோ ஓம் வைத்திருக்கிறேன். உறைத் தகட்டைப் பார்க்கவில்லை, இன்று மல்டிமீட்டரில் பார்க்கிறேன். எல்இடி: ஆம், சால்டர் வைத்த கையோடு காலை மடக்கினேன்.

செம்புக்கம்பி

மடக்குவது முதலில், சால்டர் பிறகு. அதுவும் உடலுக்கும் மடிப்புக்கும் நடுவில் குறட்டால் பிடித்துக்கொண்டு மடக்க வேண்டும், விசை உள்ளே போகக்கூடாது. சால்டர் வைத்த பின் கால் கையில் சுடாத அளவுக்கு ஆறும்வரை எதையும் அசைக்காதீர்கள்.

மைக் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், அது தனி ஜாதி. உள்ளே மின்னூட்டம் பிடித்து வைத்த படலம், பிளாஸ்டிக் வளையம், எஃப்இடி எல்லாம் ஒரு சிறிய அலுமினிய டப்பாவுக்குள் அடங்கியிருக்கின்றன. நீங்கள் சால்டர் வைக்கும் தகட்டுக்கும் இவற்றுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய அட்டை மட்டும். பிடிக்கக் காலே இல்லாததால் கிளிப்புக்கும் இடமில்லை. அலுமினியத் துண்டில் மைக்கின் விட்டத்துக்குச் சரியாக ஒரு குழி துளைத்து, மைக்கை முகம் கீழே இருக்கும்படி அதில் இறுக்கமாக உட்கார வையுங்கள். டப்பாவின் சூட்டை அலுமினியம் வாங்கிக்கொள்ளும். குழியின் அடி முகத்துணியில் படாதபடி கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும்.

தகடுகளில் பெரும்பாலும் முன்பே சால்டர் இருக்கும், புதிதாகப் பூச வேண்டாம். மெல்லிய வயராக எடுத்து, முனையில் 2 மி.மீ. மட்டும் பூசி, தகட்டின் மேல் வைத்து ஒரு வினாடி தொட்டு எடுங்கள். அடுத்த தகட்டுக்குப் போகும் முன் அரை நிமிடம் பொறுங்கள். ஃப்ளக்ஸை அள்ளிப் பூச வேண்டாம், ஆல்கஹாலில் கழுவவும் வேண்டாம், முன்துளை வழியாக உள்ளே போனால் படலம் போச்சு.

எஃப்இடிக்கு நிலைமின்னும் ஆகாது. அயர்ன் முனை எர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அரைகுறை

சுவிட்சுக்கு யாரும் சொல்லவில்லையே? என் அனுபவத்தில் ஸ்லைடு சுவிட்சும் குமிழ் வைத்த பொட்டென்ஷியோமீட்டரும்தான் அதிகம் உருகுகின்றன. சாதனத்தைத் தலைகீழாகப் பிடித்து சால்டர் வைக்காதீர்கள், உருகிய ஃப்ளக்ஸ் கால் வழியாக உள்ளே இறங்கித் தொடுமுனைகளில் படிந்துவிடும். கால் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும்.

கனெக்டர் என்றால் ஜோடியைச் செருகி வைத்து சால்டர் செய்யுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் நேராகவே நிற்கும். சுவிட்சுக்கு அந்த வசதி இல்லை. அடுத்தடுத்த காலுக்குப் போகாமல் முதல், மூன்றாவது, பிறகு இரண்டாவது என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒரே இடத்தில் சூடு சேராது.

மின்மினி

ஒரு வழி தோன்றியது, சரியா என்று சொல்லுங்கள். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் இருக்கிறதாமே. அதை வாங்கினால் இந்தக் கவலையே வேண்டாமே?

ஓம்விதி

வெள்ளீயம் 42, பிஸ்மத் 58. வேலை செய்யும், சில இடங்களில் அருமையாகவே. இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது நொறுங்கும் தன்மை உள்ளது. வயர் அசையும் இடத்தில், கீழே விழக்கூடிய பெட்டியில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. இரண்டு, காலில் முன்பே ஈயச் சால்டர் பூசியிருந்தால் ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் மூன்றும் கலந்து 96 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகலாம். வெயிலில் கிடக்கும் பெட்டிக்குக்கூட அது ஆபத்தில்லை என்றாலும், சூடேறும் பாகத்தின் பக்கத்தில் இணைப்பு தானே கழன்றுவிடும். உங்கள் பெட்டிக்கு வேண்டாம்.

செம்புக்கம்பி

வயரின் உறையும் உருகும் என்பதை மறக்க வேண்டாம். சாதாரண பிவிசி உறை சூடு பட்டதும் சுருங்கிப் பின்வாங்கும். சிலிக்கோன் உறை 200 டிகிரி வரை கவலைப்படாது, டெஃப்ளான் 260 வரை. நெருக்கமான இடத்தில் சிலிக்கோன் உறை வயர் போட்டால் கை நடுக்கமே பாதி போய்விடும்.

இழைவயரில் சால்டர் உறிஞ்சப்பட்டு உறைக்குள்வரை ஏறினால் அந்த இடம் கம்பிபோல் விறைத்துவிடும், பிறகு அங்கேதான் ஒடியும். உறைக்குக் கீழே கொஞ்சம் வெறும் இழை தெரிய வேண்டும்.

மட்டுறுத்துநர்

இந்த உரையாடல் இழை நன்றாகப் போகிறது. ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குரல்பதிவுப் பெட்டி என்றால் அடுத்த கேள்வி பேட்டரியாகத்தான் இருக்கும். லித்தியம் செல்லின் உலோகத்தில் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். "இரண்டு வினாடிதானே" என்ற வாதம் இங்கே செல்லாது. செல்லின் உறை பெரிய உலோகப் பரப்பு, சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், பிடிக்கும் வரை முனையை வைத்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் பிரிப்புப்படலம் 130 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டு செய்து வரும் செல்லை வாங்கி, பட்டையின் நுனியில் வயர் வையுங்கள். நாணயச் செல்லுக்கும் அப்படியே: பட்டை வைத்த வகை, அல்லது செல் வைக்கும் தாங்கி.

மின்மினி

தாங்கிதான் வைத்திருக்கிறேன், நன்றி. மைக் விஷயம்: சந்தேகப்பிராணி சொன்னது சரி, பழைய மைக்கில் நெகட்டிவ் மாறியிருந்தது. மாற்றிக் கொடுத்தேன், சத்தம் வருகிறது, ஆனால் புது மைக்கை விட மெலிவாக, இரைச்சலோடு. ஆக இரண்டும் நடந்திருக்கிறது. புது மைக்கை அலுமினியத் துண்டில் வைத்து, 360 டிகிரி, உளிமுனையில் செய்தேன். தொட்டவுடன் ஓடிவிட்டது, இவ்வளவுதானா என்று இருந்தது.

சந்தேகப்பிராணி

மெலிவு சூட்டால்தான் என்று இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சரி.

தூசி

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே சிக்கல் எனக்கு வேறு இடத்தில். ஹேர் டிரையரின் தெர்மல் ஃப்யூஸ் மாற்ற வேண்டும். கால் நீளமாகத்தான் இருக்கிறது. வேகமாக சால்டர் வைத்தால் தாங்குமா?

அரைகுறை

எத்தனை டிகிரி என்று மேலே அச்சடித்திருக்கும் பாருங்கள்.

தூசி

121.

செம்புக்கம்பி

அப்படியானால் சால்டர் வேண்டாம். உள்ளே இருக்கும் துண்டு 121 டிகிரியில் உருகி இணைப்பை அறுப்பதற்காகவே வைக்கப்பட்டது, ஒருமுறை அறுந்தால் திரும்பாது. நீங்கள் சால்டர் வைத்து முடிக்கும்போது பொருத்தியிருப்பது அறுந்த ஃப்யூஸாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஹீட்டர் பக்கத்தில் அந்த இடமே சூடாகும், சால்டர் இணைப்பு நாளடைவில் தளர்ந்து பொறி விடும்.

பழையது எப்படிச் சேர்க்கப்பட்டிருந்தது என்று பாருங்கள், குழல் போன்ற உலோக உறையை நசுக்கித்தான் சேர்த்திருப்பார்கள். அதே மாதிரி நசுக்கும் குழலும் அதற்கான குறடும் வாங்கிச் சேருங்கள். ஃப்யூஸின் டிகிரியும் ஆம்பியரும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மேலே கண்ணாடி நாரிழை உறை போடுங்கள், பிவிசி உறை அங்கே நிற்காது. மூடும் முன் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். புதிய ஃப்யூஸ் மறுபடி அறுந்தால் மூன்றாவதைப் போடாதீர்கள். விசிறி சுற்றுகிறதா, காற்று வழி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தூசி

நசுக்கும் குழல் கிடைத்தது. விசிறியில் முடி சுற்றிக்கிடக்கிறது, முதலில் அதை எடுக்கிறேன்.